இரண்டாவது ஆள்

என் சின்னம்மாவின் முகத்தைப் படமாகக் கீறச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் சரியாக வராது. கண் வந்தால் வாய் பிழையாகும். வாய் வந்தால் அது வேறு யாரோ ஆகிவிடும். ஆனால் அவர் நடப்பதைக் கீறச் சொல்லுங்கள், இந்த நிமிடமே கீறித் தருகிறேன். குனிந்த தலை, ஒரு கையில் சுருட்டிய குடை, மற்றக் கையில் மகள், கண் எப்போதும் அடுத்த அடி விழப்போகும் இடத்தில். யாராவது முன்னால் நடந்துபோன தடம் இருந்தால்தான் அதில் தன் செருப்பை வைப்பார். தடம் இல்லையென்றால் நின்றுவிடுவார்.

கிளிநொச்சிக்குக் கிட்ட முரசுமோட்டையில் எங்கள் வீட்டு வளவுக்கும் அவர் வளவுக்கும் நடுவில் ஒரே வேலி. அவர் என் அம்மாவின் தங்கை. அறுவடை முடிந்தால் ஊரே வயலுக்குள்ளால் குறுக்கே விழுந்து பஸ் பிடிக்கப் போகும். சின்னம்மா மட்டும் வாய்க்கால் ஓரப் பாதையால் சுற்றிப் போவார். இரவு மழை பெய்து பாதையில் இருந்த தடங்கள் அழிந்துபோனால் வேலிப் படலையடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். உழவு இயந்திரம் ஒன்று போனால் அதன் சில்லுத் தடம். அதுவும் இல்லையென்றால் மாடு.

“மாடு நடந்து போட்டுது. இனிப் போகலாம்.”

நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவர் சிரிக்கமாட்டார். மாடு வரும்வரை அவர் நிற்கிற நிற்பு இருக்கிறதே, சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது எனக்குள் இறங்கும். நேற்றும் நடந்த பாதைதான். இருந்தாலும் சின்னம்மா நின்றுவிட்டால் அது நேற்றையப் பாதையாக இருக்காது.

காரணம் எல்லாருக்கும் தெரியும். சின்னம்மாவுக்கு மிதிவெடி எடுக்கிற வேலை. ஆனையிறவுக்கு அங்கால் இன்னும் விடுபடாத காணிகள் கிடந்தன. விடியமுன் வாகனம் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பாரமான அங்கி, முகத்துக்கு முன்னால் தடித்த கண்ணாடி மறைப்பு, கையில் குப்பை வாருகிற வாரியைப் போல ஒன்று. முழங்காலில் இருந்தபடி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரிப் பார்த்துக்கொண்டு முன்னே போகவேண்டும். தங்களுக்கு முன்னால் குறுக்காக ஒரு சிவப்புத் தடியை நிலத்தில் கிடத்திக்கொள்வார்கள். தடிக்கு இந்தப் பக்கம் பார்த்து முடிந்தது, அந்தப் பக்கம் தெரியாது. பார்த்து முடிந்த துண்டின் ஓரத்தில் வெள்ளைக் குச்சி, பார்க்காததன் ஓரத்தில் சிவப்புக் குச்சி. இதெல்லாம் அவர் குசினியில் வெங்காயம் உரித்தபடி, அகப்பையைக் குறுக்கே வைத்து எங்களுக்குக் காட்டித் தந்தவை. அதே வேலை செய்த வேறு அக்காமாரையும் எனக்குத் தெரியும். அவர்கள் வேலை முடிந்து வந்தால் கச்சான் கொறித்துக்கொண்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வயலுக்குள்ளால் போவார்கள். சின்னம்மா மட்டும் அந்தச் சிவப்புத் தடியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

தடி மட்டுமா, விசிலும் வந்தது. அங்கே ஏதாவது நடந்தால் விசில் ஊதுவார்கள். ஊதினால் எல்லாரும் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். மறுபடி விசில் கேட்கும்வரை ஒருவரும் அசையக்கூடாது. விழுந்து கிடப்பது யாராக இருந்தாலும், பார்த்து முடித்த பாதையால் அதற்கென்று உள்ள ஆட்கள்தான் போவார்கள். யாரும் ஓடக்கூடாது.

“ஓடி வாற ஆள்தான் ரெண்டாவது ஆள்,” என்பார் சின்னம்மா. சோறு போடும்போது சொல்வார், சட்டை தைக்கும்போது சொல்வார். ஒன்றுமே நடக்காத ஒரு மத்தியானத்தில், சும்மா கதிரையில் இருந்துகொண்டும் சொல்வார்.

அதை எங்களுக்கு விளையாட்டாகப் பழக்கினார். இரண்டு விரலை வாய்க்குள் வைத்து ஒரு விசில். நான், என் தம்பி, அவருடைய மகள் குட்டி, மூவரும் அப்படியே உறைய வேண்டும். இன்னொரு விசில் கேட்டால் போகலாம். தம்பி வாய் நிறையச் சோற்றோடு நிற்பான். குட்டி ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டு நிற்பாள். ஒருமுறை வாளியில் தண்ணீர் வழிய வழிய நான் கிணற்றடியில் நின்றேன், அம்மா குசினிக்குள் இருந்து கத்தினார்: “எடியே, என்ரை பிள்ளையளைச் சிலையாக்கிப் போடாதை!”

“சிலைக்கு ஒண்டும் நடக்காதக்கா,” என்றார் சின்னம்மா.

சிலைக்கு ஒன்றும் நடக்காது என்பது ஒரு நாள் உண்மையாகவும் ஆனது. தம்பி றோட்டுக்கு ஓடினான். மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று வளைவால் வந்துகொண்டிருந்தது. அம்மா கத்தியது அவன் காதில் விழவேயில்லை. விசில் விழுந்தது. றோட்டு ஓரத்தில் அப்படியே நின்றான். டிப்பர் கிளப்பிய புழுதி அவன் முகத்தில் படிந்தது. புழுதி அடங்கியபிறகு இரண்டாவது விசில் வந்தது. அவன் திரும்பி வந்து அம்மாவின் சீலைக்குள் முகத்தைப் புதைத்தான். அன்றைக்கு அம்மா சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஆனால் பந்து விஷயத்தில் நாங்கள் அவரை மன்னிக்கவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு பற்றைக்காடு. தம்பி அடிக்கிற பந்து அதற்குள் போனால் போனதுதான்.

“அந்தப் பந்து செத்துப் போச்சு,” என்பார். “விடு.”

“சின்னம்மா, அந்தா தெரியுது!”

“செத்ததும் தெரியும். விடு.”

எத்தனை பந்து செத்தது என்று கணக்கில்லை. பிறகு ஒருநாள் இயந்திரம் வந்து அந்தப் பற்றையை வழித்துத் தள்ளியது. எங்கள் பந்துகளெல்லாம் வெளுத்து, வெடித்து, பாம்பு முட்டைகளைப் போல மண்ணோடு புரண்டு வந்தன. வேறொன்றும் வரவில்லை. ஒரு தகரத் துண்டுகூட இல்லை. தம்பி ஒரு பந்தைக் கொண்டுபோய் அவர் காலடியில் போட்டான்.

“பாத்தீங்களோ? ஒண்டும் இல்லை அங்கை!”

சின்னம்மா அந்தப் பந்தைத் தொடவில்லை. “இப்ப தெரியும்,” என்றார். “அப்ப தெரியாது.”

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் அவரை ஒரு பயந்தாங்கொள்ளி என்று நினைப்பீர்கள். நான் அப்படி நினைத்ததில்லை. நான்தான் அவருக்குப் பயந்தேன். அந்தப் பயம் எந்த நாளில் தொடங்கியது என்றும் தெரியும்.

சின்னம்மாவோடு வேலை செய்த ஒருவரை நாங்கள் ஒட்டுசுட்டான் அக்கா என்று கூப்பிடுவோம், அவர் ஊர் அது. பெரிய சிரிப்புக்காரி. லீவு நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்தால் சட்டியில் ஒட்டியிருக்கிற குழம்பையும் சோறு போட்டுப் பிரட்டிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். ஒருநாள் சின்னம்மா வழக்கத்தைவிட முன்னதாகவே வேலையால் திரும்பி வந்தார். வந்து முகம் கழுவிவிட்டு, குட்டியை மடியில் இருத்திச் சீப்பால் தலை இழுக்கத் தொடங்கினார். இழுத்த தலையையே திரும்பத் திரும்ப இழுத்தார். அம்மா வந்து பக்கத்தில் இருந்தார்.

“என்னடி?”

“அவளுக்கு ஒரு கால் போட்டுது.”

யார் என்று கேட்கத் தேவைப்படவில்லை.

“நீ எங்கை நிண்டனீ?”

“பக்கத்து வரிசை.”

“பேந்து?”

“விசில் ஊதிச்சு. நிண்டனான்.”

“அவள் கத்தேல்லையோ?”

“கத்தினவள்.” சீப்பு நிற்கவில்லை. “என்ரை பேரைச் சொல்லித்தான் கத்தினவள்.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். “எடி, உன்ரை சிநேகிதியெல்லோ…”

“ஓடியிருந்தா ரெண்டாவது ஆள் நான், அக்கா. பேந்து இவளுக்குத் தலை இழுக்க ஆர் இருப்பினம்?”

அவர் சொன்னது சரி. எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் சரி. அங்கே வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். ஆனாலும் நான் குசினிக் கதவடியில் நின்று அந்தச் சீப்பு மேலும் கீழும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் விழுந்து கிடந்து இவர் பேரைச் சொல்லிக் கத்தினாலும் இவர் நிற்பார் என்று தோன்றியது. குட்டி கத்தினாலும் நிற்பாரா? அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கும் இருந்திருக்க வேண்டும். ஒட்டுசுட்டானுக்கு அந்த அக்காவைப் பார்க்க எல்லாரும் போனார்கள். சின்னம்மா போகவில்லை. பழங்களும் பால்மாப் பெட்டியும் அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அந்த வருடம் நான் உயர்தரத்தில் சித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பதைவிடப் பைத்தியமாக அலைந்தேன் என்பதுதான் பொருந்தும். கிளிநொச்சியில் ஒரு பழைய நெல் களஞ்சியத்தை வெளிநாட்டில் இருந்து வந்த ஓவியர் ஒருவர் கலை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார் என்று எங்கள் சித்திர ரீச்சர் வந்து சொன்னாரோ இல்லையோ, எனக்கு நித்திரை போய்விட்டது. பாடப் புத்தகத்தில் தபால்தலை அளவில் பார்த்த படங்களைத் தவிர, உண்மையான ஓவியத்தின் முன்னால் நான் நின்றதே இல்லை. அம்மாவைப் பிடித்தேன். அம்மா தனியாகச் சின்னப் பிள்ளைகளோடு போகமாட்டேன் என்றார். எனவே சின்னம்மாவைப் பிடித்தேன்.

“அங்கை என்ன கிடக்கு?”

“படங்கள், சின்னம்மா. பெரிசு பெரிசா.”

“தொடலாமோ?”

“ஐயோ, தொடவே கூடாது. கயிறு கட்டியிருப்பினம், அதுக்கு அங்காலை போகக்கூடாது.”

சின்னம்மா கொஞ்சம் யோசித்தார். “அப்ப நல்ல இடம்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பஸ்ஸில் ஐந்து பேரும் புறப்பட்டோம். சின்னம்மா கதவுக்குக் கிட்டவுள்ள சீற்றில் இருந்தார். குட்டிக்குப் புதுச் சட்டை. தம்பி, படம் பார்க்கப் போகிறோம் என்றால் சினிமா என்றே நம்பிக்கொண்டு வந்தான்.

களஞ்சியத்துக்குள் அன்றைக்கு நாங்கள்தான் முதல் ஆட்கள். முதல் மண்டபம் முழுக்க ஓவியங்கள். அந்த நெல் மணம் இன்னும் சுவரில் இருந்தது. எனக்குக் காலே நிலத்தில் படவில்லை. ஒரு படத்தில் இருந்து அடுத்த படத்துக்கு, அதிலிருந்து திரும்பவும் முதல் படத்துக்கு. “ஓடாதை,” என்று சின்னம்மா பல்லுக்குள்ளால் சொன்னார். அவருக்கு அந்த இடம் மெய்யாகவே பிடித்துவிட்டது. கயிற்றில் இருந்து தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படத்தின் கீழ்ப்பாகத்தையே பார்த்தார். பனைகளும் வெளியுமாக இருந்த ஒரு படத்தின் முன்னால் அதிக நேரம் நின்றார்.

“வடிவாக் கிடக்கோ, சின்னம்மா?”

“இதுக்குள்ளாலை ஒருத்தரும் நடக்கேல்லை,” என்றார். “புல்லு ஒரு இடத்திலையும் சாயேல்லை.”

தம்பி கோடும் வட்டமுமாக இருந்த ஒரு படத்தைக் காட்டி, “உந்தப் படத்தை நானும் கீறுவன்,” என்றான். அம்மா, “கீறு, உன்னையும் கயித்துக்கு அங்காலை மாட்டி விடுவம்,” என்றார். எங்களுக்குப் பின்னால் கமெராவோடு வந்த வெளியூர்க்காரர் சிலர் சிரித்தார்கள். அந்த நேரம் நாங்கள் எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

குட்டியின் கை எப்போது சின்னம்மாவின் கையை விட்டுப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது மண்டபத்துக்குப் போகிற வாசலுக்கு முதலில் போனது சின்னம்மாதான். அங்கே கதவு இல்லை. போனவர் வாசலில் நின்றுவிட்டார். நான் அவர் தோளுக்கு மேலால் பார்த்தேன்.

தரை முழுக்க மணல். கடற்கரை மணல், வாரியால் இழுத்து மட்டமாக்கப்பட்டிருந்தது. கூரை ஓட்டைகளால் வெயில் மரக்குற்றிகளைப் போல விழுந்தது. மணலில் பாதி புதைந்தபடி பல சாமான்கள்: நெளிந்த குடம், சைக்கிள் சில்லு, ஒற்றைச் சப்பாத்து, ஒரு தையல் மெஷினின் தலை. அவற்றைச் சுற்றி, இடையில், எங்கும் சின்னச் சின்னக் குச்சிகள். நுனியில் சிவப்பு, நுனியில் வெள்ளை, மறுபடி சிவப்பு, வெள்ளை. ஓவியர் அவற்றைப் பூச்செடிகளைப் போலக் கலந்து நட்டிருந்தார். மட்டமான அந்த மணலில் ஒரே ஒரு தடம், சின்னக் காலடிகள், உள்ளே நடுவரைக்கும் போயிருந்தது. அதன் முடிவில் குட்டி நின்றாள்.

விசில் அந்தத் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது.

குட்டி உறைந்தாள். தம்பி எனக்குப் பின்னால் உறைந்தான். அம்மா நின்றார். கமெராக்காரர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

“குட்டி,” என்றார் சின்னம்மா. குரலில் ஒரு சுருக்கமும் இல்லை. “அம்மா வாறன். நிண்ட இடத்திலை நில்லு.” பிறகு என்னிடம், தலையைத் திருப்பாமல், “எது பாத்த பக்கம்? குச்சி பிழையா நட்டிருக்கு. எல்லாம் கலந்து கிடக்கு. எது பாத்த பக்கமெண்டு தெரியேல்லை.”

சுவரில் பலகை இருந்தது. மூன்று மொழியிலும் இருந்தது. நான் சத்தமாக வாசித்தேன்: செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள், விரும்பிய இடத்தில் நடவுங்கள், கண்டதை எடுத்துப் பாருங்கள். “சின்னம்மா, இது கலை. போகலாம். எடுக்கலாமாம். ஒண்டும் இல்லை.”

அவருக்கு அது கேட்டதா என்று தெரியாது. முழங்காலில் இருந்தார். சுருட்டிய குடையைத் தனக்கு முன்னால் குறுக்காக மணலில் கிடத்தினார். வெறுங்கை விரல்களால் மணலை மெல்ல, ஓரத்தில் இருந்து, வாரத் தொடங்கினார்.

அங்கே பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்ல நின்ற இளம் பெண் ஓடி வந்தார். “பரவாயில்லை அன்ரி, உள்ளுக்குப் போங்கோ. சும்மா மணல்தான்.” வந்தவர் சின்னம்மாவின் முதுகைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “தங்கச்சி, நீங்கள் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாங்கோவன்.”

சரிதானே? நான் போகலாமே. பத்து அடிகூட இருக்காது. பலகையை வாசித்ததே நான். மணல் லொறியில் வந்தது என்றும், குச்சிகளுக்குப் பெயின்ற் அடித்தது ஓவியர் என்றும் எனக்குத் தெரியும். வலது காலிடம் எழும்பச் சொன்னேன். அது எழும்பவில்லை. அந்த மண்டபத்தில் இருந்த எல்லாரிலும் அது ஓவியம் என்பதை நிச்சயமாக அறிந்தவள் நான், என்னாலும் அந்த மணலில் கால் வைக்க முடியவில்லை.

பின்னால் கமெராக்கள் கிளிக் கிளிக் என்றன.

குட்டி பொறுமை இழந்தாள். நான்கு வயதுதானே. காலை அசைக்கவில்லை, விளையாட்டின் விதியை அவள் மீறவில்லை. குனிந்தாள், அவ்வளவுதான்.

“அம்மா, மூடி!”

மணலில் இருந்து அவள் கையில் வந்தது வட்டமாக, பச்சையாக, சப்பாத்துப் பொலிஷ் டின் அளவில் இருந்தது. பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த மிதிவெடி எச்சரிக்கைப் படங்களில் நான் பார்த்து வளர்ந்த அதே வட்டம், அதே பச்சை.

சின்னம்மா ஓடினார்.

குடையை மிதித்து, குச்சிகளை உதைத்து, தடம் இல்லாத மணலுக்கு மேலால், நேராக. அவர் ஓடி அதற்குமுன் நான் பார்த்ததேயில்லை. பஸ் போகிறதே என்றுகூட ஓடாதவர். தையல் மெஷினில் கால் அடிபட்டது. அப்படியே குட்டியின்மேல் விழுந்து, அவளைக் கீழே போட்டு, தன் உடம்பால் மூடினார். மணல் எழும்பி வெயில் குற்றிகளுக்குள் சுழன்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எதற்காகக் காத்திருந்தேன் என்று எனக்குத் தெரியும்.

ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது கைதட்டல்.

முதலில் ஒருவர். பிறகு எல்லாரும். கமெராக்காரர்கள் அதையும் காட்சியின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார். விளக்கம் சொல்கிற பெண் இரண்டு கையையும் ஆட்டி, நிற்பாட்டுங்கோ, நிற்பாட்டுங்கோ என்றார்.

குட்டி பெருங்குரலில் அழுதாள், பயத்தால் அல்ல. அவளுடைய மூடி உடைந்துவிட்டது. சின்னம்மாவின் நெஞ்சுக்குக் கீழே அது துண்டு துண்டாகக் கிடந்தது. பச்சைப் பெயின்றுக்கு உள்ளே செங்கல் நிறத்தில் சுட்ட களிமண்.

அம்மா வாசலில் இருந்து, “களிமண்ணடி! ஒண்டும் இல்லையடி!” என்று கத்தினார். சின்னம்மா எழும்பி இருந்தார். தலைமயிரில் மணல், உதட்டில் மணல். கையில் ஒரு துண்டை எடுத்து உடைந்த பக்கத்தைப் பார்த்தார்.

“ஓடிட்டன், அக்கா.”

“அதுக்கென்ன இப்ப?”

“குச்சியைப் பாக்காமல் ஓடிட்டன்.”

“அன்ரி, அது வெறும் களிமண்,” என்றார் அந்தப் பெண். அழுகிற குரலாக இருந்தது.

“இப்ப தெரியும்,” என்றார் சின்னம்மா. மிச்சத்தைச் சொல்லவில்லை.

குட்டியைத் தூக்கிக்கொண்டு, தான் ஓடி வந்த தடங்களிலேயே ஒவ்வொன்றாகக் கால் வைத்து வெளியே வந்தார். நீள நீளமான தடங்கள் அவை, நடக்கிறவருக்கு எட்டாதவை. எட்டி எட்டி வந்தார்.

அப்போதுதான் தம்பியைக் கண்டோம். விசில் கேட்ட இடத்திலேயே நின்றான். இத்தனை நேரமும், கைதட்டலுக்குள்ளும், ஒரு கை அரைவாசி தூக்கியபடி. கண்ணீர் நாடியால் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது விசில் இன்னும் வரவில்லை அல்லவா? சின்னம்மா இரண்டு விரலை வாயில் வைத்தார். காற்றுத்தான் வந்தது. நாக்கால் உதட்டை நனைத்து மறுபடி ஊதினார். வாய் காய்ந்துபோய் இருந்தது, சத்தம் வரவேயில்லை. கடைசியில் கிட்டப் போய் அவன் தோளைத் தொட்டார். “போகலாம், அப்பு,” என்றார். அவன் நகர்ந்தான்.

அந்த மண்டபத்தில் வேறு ஓவியங்களும் இருந்தனவாம். நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போல வாகனம் வந்தது, சின்னம்மா வேலைக்குப் போனார். மாடு போகிறவரை படலையில் நிற்பதும் மாறவில்லை. ஆனால் விசில் விளையாட்டை அவர் பிறகு தொடங்கவில்லை. ரெண்டாவது ஆள் என்ற சொல்லும் அவர் வாயில் வரவில்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், குட்டி விழுந்தால் ஓடுவார் என்று தெரிந்துவிட்டதே. ஆனால் பயம்தான் கூடியது. வெளிப் பாதையை அவர் பார்க்கிற மாதிரியே சில நேரம் தன் கால்களையும் பார்த்தார், இவை அடுத்து என்ன செய்யும் என்று தெரியாதவரைப் போல. அந்தக் கால்களோடு அவர் ஒவ்வொரு விடியலும் ஆனையிறவு தாண்டிப் போனார்.

மாரி மழை தொடங்கமுன் ஒருநாள் என்னை வேலியடியில் கூப்பிட்டார். “ஒட்டுசுட்டானுக்குப் போவம், வாறியோ?”

பஸ்ஸில் குட்டி மட்டும் யானை வருமா, யானை வருமா என்று கேட்டுக்கொண்டு வந்தாள். அந்த அக்காவின் வீடு காட்டு ஓரம். முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் எழும்பி, செயற்கைக் காலை ஊன்றி நடந்து வந்தார்.

“ஆரடி இது! இப்பதான் றோட்டுத் தெரிஞ்சதோ?”

சின்னம்மா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வணக்கம், சுகம் ஒன்றும் இல்லை. நேரே சொன்னார்.

“உனக்கு நிண்டனான். இவளுக்கு ஓடினனான்.”

“எங்கை ஓடினனீ?”

சின்னம்மா நாலைந்து வசனத்தில் சொல்லி முடித்தார். மணல், குச்சி, மூடி.

“களிமண்ணுக்கோ?” அந்த அக்கா சிரிக்கத் தொடங்கினார். பழைய அதே சிரிப்பு, வளவு முழுக்கக் கேட்கிற சிரிப்பு. “கலர் குச்சிக்கும் களிமண்ணுக்கும் ஓடினவள்!” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எடி, அண்டைக்கு நீ எனக்கும் ஓடி வந்திருந்தா, இண்டைக்கு ரெண்டு பேரும் ஒரு சோடிச் செருப்பை வாங்கிப் பங்கு போட்டிருப்பம்.”

சின்னம்மா சிரிக்கவில்லை. “என்ரை பேரைச் சொல்லிக் கத்தினனீ.”

“ஓம்.” அந்த அக்கா கையில் ஒட்டியிருந்த கீரையை உரசித் தட்டினார். “வா எண்டு கத்தினனோ, வராதை எண்டு கத்தினனோ, எனக்கே தெரியாதடி. வாயிலை வந்தது உன்ரை பேர்தான்.” பிறகு, “வெயிலுக்குள்ளை நிக்காமல் உள்ளுக்கு வா. தேத்தண்ணி போடுறன்,” என்று திரும்பி நடந்தார்.

முந்திய இரவு மழை பெய்திருந்தது. முற்றத்து ஈர மண்ணில் அந்த அக்கா வந்துபோன தடம் மட்டும் இருந்தது: ஒன்று விரல்கள் தெரிகிற வெறுங்கால், ஒன்று சப்பாத்தின் அடி. சின்னம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, முதலில் வெறுங்கால் தடத்தில் ஒரு காலை வைத்தார். அடுத்த காலைத் தூக்கினார். சப்பாத்துத் தடத்துக்கு மேலே அது கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அதில் வைத்தார்.

குட்டிக்கு அதெல்லாம் பொறுக்குமா? கையை உதறிக்கொண்டு, தடமில்லாத பக்கத்தால், மண்ணைக் கிளப்பிக்கொண்டு வீட்டை நோக்கி ஓடினாள். சின்னம்மாவின் இரண்டு விரல் வாய்வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. விசில் வரவில்லை.

குட்டி ஓடி அந்த அக்காவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சின்னம்மா கையைக் கீழே விட்டு, அடுத்த தடத்துக்குப் போனார். வாசற்படியில் ஏறித் திரும்பிப் பார்த்தபிறகுதான் கேட்டார்:

“நீ ஏனடி அங்கை நிக்கிறாய்?”

படலைக்குள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால். விசில் கேட்காமலேயே நான் நின்றுகொண்டிருந்தேன்.